பழுது எவ்விடத்தது? தொலை நிலையங்களுக்கிடையே இணைப்புக் கோளாறு கண்டறிதலின் வரலாறு – தந்தி வடம் முதல் தரவு வலை வரை

ஆய்வுச்சுருக்கம்

தொலைவிலுள்ள இரு நிலையங்களுக்கிடையிலான இணைப்பு விட்டுவிட்டு இயங்கும்போது, பழுது எவ்விடத்தில் உள்ளது என்பதை ஒரு முனையிலிருந்தே அறியும் முறைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தந்தித் துறையில் உருவாயின. 1858ஆம் ஆண்டு அட்லாண்டிக் வடத்தின் தோல்வி, செங்கடல் வடத்தின் இழப்பு, 1865ஆம் ஆண்டுக் கடற்பயணம், இந்தியத் தந்தித் துறையின் சோதனை நெறிகள் ஆகியவற்றைக் கொண்டு அம்முறைகளின் தோற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. பழுது கண்ட இடத்தில் ஆளைத் தேடும் போக்கும் அளவை நாடும் போக்கும் ஒன்றோடொன்று மோதியதே இவ்வரலாற்றின் மையம் என்பது கட்டுரையின் கருதுகோள். 1980களின் கணினி வலைகளிலும் அதே மோதல் வேறு வடிவில் நிகழ்ந்தது என்பதும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தந்தி, கடலடி வடம், மின்தடை, பழுதிடம் காணல், பொதிவலை, நெரிசல்.

முன்னுரை

தந்தியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதன் விரைவையே எழுதினர். பேரரசின் கருவியாகத் தந்தி செயல்பட்ட விதத்தை டேனியல் ஹெட்ரிக், தீப் காந்த லாகிரி சௌத்ரி முதலியோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். கடலடி வடங்களின் தேவை பிரித்தானிய இயற்பியலின் போக்கையே மாற்றியது என்பதை புரூஸ் ஹன்ட் நிறுவியுள்ளார். ஆயினும், தந்தி நிலையத்தில் அமர்ந்திருந்த பணியாளரின் அன்றாடத்தில் விரைவைவிட மிகுந்த இடம் பிடித்தது கோளாறுதான். முழுவதும் அறுந்த கம்பியை அறிவது எளிது. காலையில் இயங்கி நண்பகலில் மங்கி மழை பெய்தால் மறையும் கம்பியே அவரைத் துன்புறுத்தியது. மறுமுனையில் இருப்பவரைக் கேட்கலாம் என்றால், கேட்பதற்கான வழியும் அப்பழுதுபட்ட கம்பியே. இத்துறையின் அடிப்படை இடர்ப்பாடு இதுவே ஆகும்.

தரைவழித் தடங்கள்

இந்தியாவில் தந்திச் சோதனைகள் 1839இல் கல்கத்தாவில் தொடங்கின. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் புரூக் ஓஷாநெஸ்ஸி, ஏறத்தாழ 21 மைல் நீளக் கம்பியைக் கட்டி ஆய்ந்தார். 1851இல் கல்கத்தாவுக்கும் டைமண்டு ஹார்பருக்கும் இடையிலான தடம் செயல்பாட்டிற்கு வந்தது. ஆக்ராவிலிருந்து கல்கத்தாவுக்கு முதற்செய்தி 1854 மார்ச்சு 24 அன்று சென்றது. 1855 தொடக்கத்தில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்கள் இணைக்கப்பட்டுப் பொதுமக்களுக்கும் தந்தி திறந்துவிடப்பட்டது.

ஓஷாநெஸ்ஸி ஐரோப்பாவில் வழங்கிய மெல்லிய கம்பிகளைத் தவிர்த்துத் தடித்த இரும்புக் கம்பிகளைத் தேர்ந்தார். குரங்குகளும் பறவைகளும் அமர்ந்தாலும் அவை அறுந்துவிடா என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. மற்றொரு காரணம் நம் பொருளுக்கு நெருக்கமானது. தடித்த கம்பியில் மின்தடை குறைவு. ஆகவே கம்பங்களின் வழியே ஓரளவு மின்னோட்டம் மண்ணில் கசிந்தாலும் மறுமுனைக்குப் போதிய அளவு சென்று சேரும். இது பழுதைக் கண்டறியும் முறையன்று; பழுதைத் தாங்கிக்கொள்ளும் முறை. சில நூறு மைல்களுக்கு இது பயன்பட்டது. தடங்கள் ஆயிரம் மைல்களைத் தாண்டியபோது கசிவுகள் ஒன்றுசேர்ந்து, பருவமழைக் காலத்தில் செய்தியை விழுங்கின.

தரைவழித் தடத்தில் பழுதை நெருங்கும் வழி எளிமையானது. இடையிலுள்ள நிலையங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியை மண்ணுடன் இணைக்கச் சொல்லி, அனுப்பும் நிலையம் தன் ஊசியின் விலகலைக் கவனிக்கும். மூன்றாம் நிலையம் வரை ஊசி ஒழுங்காக விலகி, நான்காம் நிலையம் இணைத்தபோது தடுமாறினால் பழுது அவ்விரண்டிற்கும் இடையில் உள்ளது. பின்னர் ஒரு பணியாளர் அப்பகுதியை நடந்தே பார்த்து வருவார். நடக்க இயலும் என்பதே இம்முறையின் உயிர். கடலுக்கு அடியில் நடந்து பார்க்க வழியில்லை. இடை நிலையங்களும் இல்லை.

1858: வலிந்து செலுத்தப்பட்ட மின்னோட்டம்

அயர்லாந்தின் வாலன்சியாவையும் நியூபவுண்ட்லாந்தின் டிரினிட்டி விரிகுடாவையும் இணைத்த முதல் அட்லாண்டிக் வடம் 1858 ஆகஸ்டு 5 அன்று இரு கரைகளையும் அடைந்தது. விக்டோரியா அரசி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புக்கானனுக்கு அனுப்பிய 98 சொற்கள் கொண்ட வாழ்த்து சென்று சேர ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. வடம் அன்றே நோயுற்றிருந்தது. இரு நிலையங்களுக்கும் இடையே நடந்த உரையாடலின் பதிவுகளில் செய்தியைவிட மிகுதியாகக் காணப்படுவன, திரும்ப அனுப்புமாறும் மெதுவாக அனுப்புமாறும் படிக்க முடிகிறதா என்றும் கேட்கும் வினவல்களே. வரலாற்றாசிரியர்கள் இப்பதிவுகளை நகைச்சுவைக்காக எடுத்துக்காட்டுவது வழக்கம். அவற்றை வேறு வகையிலும் படிக்கலாம். இரு கரையினரும் பழுதைப் பற்றி அறிய வைத்திருந்த ஒரே கருவி அவ்வினாவே. அவ்வினாவும் சிதைந்தே சென்றது.

நிறுவனத்தின் மின்னியலாளராக இருந்த வைல்ட்மன் வைட்ஹவுஸ் பிரைட்டன் நகரத்து அறுவை மருத்துவர். தாமே முயன்று மின்னியல் கற்றவர். சைகை மங்கியபோது மின்னழுத்தத்தைக் கூட்டுவதே தீர்வு என அவர் கருதினார். ஐந்து அடி நீளமுள்ள தூண்டு சுருள்களைக் கொண்டு, ஏறத்தாழ 2000 வோல்ட்டு என மதிப்பிடப்படும் அழுத்தத்தை வடத்தில் செலுத்தினார். மறுபுறம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் தாம்சன், மிகச் சிறிய மின்னோட்டத்தையும் ஓர் ஒளிப்புள்ளியின் அசைவாகக் காட்டும் ஆடி கால்வனோமீட்டரை உருவாக்கியிருந்தார். குறைவாகச் செலுத்தி நுட்பமாக நோக்குதல் தாம்சனின் வழி. உண்மையில் செய்திகள் தாம்சனின் கருவியால் பெறப்பட்டபோதும் அவை தம் கருவியால் பெறப்பட்டன என்ற தோற்றத்தை வைட்ஹவுஸ் உண்டாக்கினார். ஆகஸ்டு நடுவில் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். செப்டம்பர் தொடக்கத்தில் வடம் பயன்பாட்டிற்கு உரியதாக இல்லாமற்போயிற்று.

அவ்வடத்தின் தோல்வி முழுவதையும் வைட்ஹவுஸின் மேல் ஏற்றுவது நேர்மையன்று. கட்டபர்ச்சா என்னும் மலாய் நாட்டு மரப்பாலால் ஆன உறையினுள் செம்புக் கம்பி சில இடங்களில் நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருந்தது. வடம் வெயிலில் கிடந்து உறை இளகியிருந்தது. கடலில் இறக்கும்போதே குறைகள் வெளிப்பட்டன. உயர் அழுத்தம் இருந்த புண்ணை அகலப்படுத்தியது என்று கூறலாம். புண்ணை உண்டாக்கியது என்று கூற இயலாது. எனினும் ஒரு தனிமனிதரைக் குற்றவாளியாக்குவது நிறுவனத்திற்கு வசதியாக இருந்தது. உற்பத்தியில் சோதனையே இல்லை என்ற உண்மை அதனால் சில காலம் மறைந்தது.

வடம் இறந்த பின் குரோம்வெல் வார்லி வாலன்சியாவில் மின்தடையை அளந்து, பழுது அங்கிருந்து ஏறத்தாழ 240 முதல் 300 மைல் தொலைவில் உள்ளதென மதிப்பிட்டார். ஆழம் மிகுதியாதலால் அவ்வறிவு வடத்தை உயிர்ப்பிக்கப் பயன்படவில்லை. ஆயினும் பழுது என்பது மைல் கணக்கில் சொல்லத்தக்க ஒன்று என்னும் கருத்து, பெரும் பொருட்செலவு கண்ட ஒரு வடத்தின் மேல் இங்குச் செயற்படுத்தப்பட்டது.

இறக்கும் தறுவாயிலும் அவ்வடம் தன் மதிப்பைக் காட்டியிருந்தது. 1857 கிளர்ச்சியை முன்னிட்டுக் கனடாவிலிருந்து திரும்பி வருமாறு பணிக்கப்பட்ட இரு படைப்பிரிவுகளுக்கு, வரவேண்டியதில்லை என்ற மாற்றாணை ஆகஸ்டு இறுதியில் அவ்வடத்தின் வழியே சென்றது. அதனால் 50,000 பவுண்டுக்குக் குறையாத செலவு தவிர்க்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. நம்பத்தகாத இணைப்பின் விலை என்ன என்பதை அரசு உணர்ந்தது இங்கேதான்.

செங்கடல் இழப்பும் 1861 அறிக்கையும்

அடுத்த அடி இந்தியாவை நோக்கிய வடத்தில் விழுந்தது. சூயசிலிருந்து ஏடன் வழியாகக் கராச்சி வரை 1859, 1860 ஆண்டுகளில் இடப்பட்ட செங்கடல் வடம் முழுமையாக இயங்கியதே இல்லை எனலாம். கடலடி மேடுகளுக்கிடையே அது இறுகத் தொங்கியது. சிப்பிகள் படிந்து கனத்துப் பல இடங்களில் அறுந்தது. பிரித்தானிய அரசு 8,00,000 பவுண்டு மூலதனத்திற்கு 4½ விழுக்காடு வட்டியை 50 ஆண்டுகளுக்கு உறுதியளித்திருந்தது. வடம் இயங்கினால்தான் வட்டி என்ற நிபந்தனை இல்லை. ஆகவே கடலடியில் மக்கிய ஒரு கம்பிக்காக ஆண்டுதோறும் 36,000 பவுண்டு 1908 வரை வழங்கப்பட்டது. தொழில்நுட்ப வரலாற்றில் இதற்கு ஒப்பான நிதிச் சான்று அரிது.

இவ்விரு தோல்விகளையும் அடுத்து அரசு வணிகக் குழுமமும் அட்லாண்டிக் தந்தி நிறுவனமும் சேர்ந்து ஒரு கூட்டுக் குழுவை அமைத்தன. டக்ளஸ் கால்ட்டன் தலைமையில் வீட்ஸ்டன், ஃபேர்பேர்ன், வார்லி, லாட்டிமர் கிளார்க் முதலியோர் அதில் இருந்தனர். 1861இல் வெளிவந்த அறிக்கையின்படி, அதுவரை இடப்பட்ட 11,364 மைல் கடலடி வடங்களுள் ஏறத்தாழ 3,000 மைல் மட்டுமே இயங்கின. வடத்தின் ஒவ்வொரு துண்டும் ஆலையில் நீருக்கடியில் வைத்து அளக்கப்பட வேண்டும் என்பதும், அளப்பதற்கு எல்லோரும் ஏற்கும் மின்தடை அலகு வேண்டும் என்பதும் அக்காலத்தில் உறுதிப்பட்டன. அதே 1861இல் பிரித்தானிய அறிவியல் கழகம் அலகுகளுக்கான குழுவை அமைத்தது; பின்னாளில் ஓம் எனப் பெயர் பெற்ற அலகு அதன் உழைப்பால் நிலைபெற்றது. வாலன்சியாவில் ஒருவர் அளந்ததை நியூபவுண்ட்லாந்தில் மற்றொருவர் ஒப்பிட வேண்டுமாயின் இருவரிடமும் ஒரே படி இருக்க வேண்டும் அன்றோ? நெல் அளப்பவருக்கும் இது தெரியும்.

ஒருமுனைச் சோதனை

இக்காலத்தில் இரு வகைச் சோதனைகள் உருப்பெற்றன. முதலாவது, பழுதில்லாத இன்னொரு கம்பி இருக்கும்போது செய்வது. நல்ல கம்பியையும் பழுதுபட்ட கம்பியையும் மறுமுனையில் இணைத்து ஒரு வளையமாக்கி, கிறிஸ்டி 1833இல் கண்டு வீட்ஸ்டன் 1843இல் பரப்பிய சமனச் சுற்றில் வைத்து அளப்பர். முர்ரே, வார்லி ஆகியோர் பெயரால் வழங்கும் வளையச் சோதனைகள் இவை. பழுதின் சொந்த மின்தடை எவ்வளவு என்பது இங்குச் சமன்பாட்டைப் பாதிப்பதில்லை.

கடலில் பெரும்பாலும் ஒரே கம்பிதான். ஆதலின் இரண்டாம் வகை தேவைப்பட்டது. பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் பிளாவியே பெயரால் வழங்கும் சோதனையில் மறுமுனை இரண்டே செயல்களைச் செய்கிறது: ஒருமுறை கம்பியைத் திறந்து வைக்கிறது, மறுமுறை மண்ணுடன் இணைக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: நலமாயிருந்த காலத்தில் வடத்தின் முழு மின்தடை 1000 ஓம் எனக் கொள்வோம். பழுதுற்ற பின் மறுமுனை திறந்திருக்கையில் 600 ஓம், மண்ணுடன் இணைந்திருக்கையில் 550 ஓம் காட்டுகிறது. திறந்த அளவுக்கும் இணைந்த அளவுக்கும் உள்ள வேறுபாடு 50. முழு அளவுக்கும் இணைந்த அளவுக்கும் உள்ள வேறுபாடு 450. இவ்விரண்டின் பெருக்கலுக்கு வர்க்கமூலம் 150. இதனை 550இலிருந்து கழிக்க 400 வரும். பழுது 400 ஓம் தொலைவில் உள்ளது; ஓம் ஒன்றுக்கு எத்தனை மைல் என்பது தெரிந்தால் கப்பலை அனுப்பலாம்.

கணக்கு தெளிவு, கடல் அவ்வளவு தெளிவன்று. பழுது ஓர் அளவில் நிற்பதில்லை. நேர்மின்னோட்டம் செலுத்தினால் வெளிப்பட்ட செம்பின் மேல் உப்புப்படலம் படிந்து பழுது தன்னைத் தானே மூடிக்கொள்ளும். எதிர்மின்னோட்டம் செலுத்தினால் படலம் கரைந்து பழுது திறக்கும். ஆகவே 600 ஓம் என்று குறித்த அடுத்த நிமிடமே 700 காட்டலாம். நிலவுலகின் இயற்கை மின்னோட்டங்களும் ஊசியை அலைக்கழிக்கும். திறமையான சோதனையாளர் மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றிப் பழுதைத் திறந்து, அது நிலைபெறும் சிறு பொழுதில் அளவைக் குறித்துக்கொள்வார். கணிதத்தோடு கைப்பழக்கமும் வேண்டப்பட்ட இடம் இது. மற்றொன்றும் கருதத்தக்கது: வடம் நலமாயிருந்தபோது எடுத்த அளவுகள் ஏட்டில் இல்லையெனில் மேற்கண்ட கணக்கைத் தொடங்கவே இயலாது. நோயில்லாத நாளின் குறிப்பே நோய் நாளின் மருந்து. அன்றாடச் சோதனை ஏடு என்னும் வழக்கம் இதனால் வேரூன்றியது.

இந்தியத் தந்தித் துறையில் இம்முறைகளை நெறிப்படுத்தியவர் லூயி ஷ்வெண்ட்லர் என்னும் செருமானிய மின்னியலாளர். தந்தித் தடங்களைச் சோதிப்பதற்கும் அலுவலகங்களின் அமைப்பிற்குமான அவருடைய அறிவுறுத்தல் நூல் இந்திய அரசின் சார்பில் 1870களின் இறுதியில் வெளிவந்தது. கல்கத்தா விலங்குக்காட்சிச் சாலையின் தோற்றத்திலும் அவருக்குப் பங்குண்டு என்பது இடைக்குறிப்பு. ஓஷாநெஸ்ஸி கசிவைப் பொறுத்துக்கொள்ளத் தடித்த கம்பியைத் தேர்ந்தார். ஷ்வெண்ட்லர் காலத்தில் கசிவு அளந்து எழுதப்படும் ஒன்றாயிற்று. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு 1870–71இல் இடப்பட்ட வடமும் இவ்வளவை மரபு நிலைபெற்ற பின் வந்ததே. முந்தைய பத்தாண்டின் வடங்களோடு ஒப்பிடுகையில் அக்கால வடங்கள் நீண்டு நிலைத்தமைக்கு ஆலையிலும் கரையிலும் நடந்த அளவீடே முதற்காரணம் எனலாம்.

ஐயத்திற்குள்ளான தொழிலாளர்

1865இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் புதிய அட்லாண்டிக் வடத்தை இறக்கிச் சென்றது. ஜூலை 24 அன்று, ஏறத்தாழ 84 மைல் இறக்கிய நிலையில், கால்வனோமீட்டரின் ஒளிப்புள்ளி அளவுகோலை விட்டு ஓடியது. வடத்தைத் திரும்ப இழுத்துப் பார்த்தபோது இரண்டு அங்குல நீளமுள்ள கம்பித்துண்டு ஒன்று உறையைத் துளைத்து நின்றது. ஜூலை 29இல் அதேபோல் மற்றொரு பழுது. இரண்டு முறையும் வடத்தொட்டியில் பணியிலிருந்தது ஒரே தொழிலாளர் குழு. தலைமைப் பொறியாளர் சாமுவேல் கேனிங் தொழிலாளரை அழைத்துக் கம்பித்துண்டைக் காட்டினார். அது வேண்டுமென்றே குத்தப்பட்டதாகத்தான் தோன்றுகிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டனர். கப்பலிலிருந்த கனவான்கள் முறைவைத்துத் தொட்டியைக் காவல் காத்தனர்.

ஆகஸ்டு 2இல் மூன்றாம் பழுது நேர்ந்தது. அப்போது காவலில் இருந்தவர் திட்டத்தின் முதல்வரான சைரஸ் ஃபீல்டே ஆவார். பின்னர் தொட்டியில் எஞ்சிய வடத்தை ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. வடத்தின் வெளிப்புறக் காப்புக் கம்பிகள் எளிதில் முறியும் இயல்புடையன. முறிந்த முனை மேற்சுற்றின் எடையால் அடுத்த சுற்றின் உறைக்குள் இறங்கியது. குற்றம் தொழிலாளரின் கையில் இல்லை, உலோகத்தில் இருந்தது. ஒரே குழுவின் பணிநேரம் என்னும் பொருத்தம் தற்செயல். சான்றுபோல் தோன்றும் தற்செயலை நம்பி மாலுமிகளைக் குற்றஞ்சாட்டத் துணிந்தவர்கள், நாளெல்லாம் நுண்ணிய அளவீட்டில் ஈடுபட்டிருந்த அதே அறிஞர் குழாத்தினர் என்பது கருதத்தக்கது. அளவு பழுதின் இடத்தைச் சொல்லியது, காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லாத இடத்தை மனிதர்மேல் கொண்ட ஐயம் நிரப்பியது.

அன்று அறுந்து மூழ்கிய அவ்வடத்தை 1866இல் மீண்டும் தேடினர். செப்டம்பர் 2 விடியற்பொழுதில், வாலன்சியாவில் ஓராண்டாக அசையாதிருந்த ஒளிப்புள்ளி அசைந்தது. இறந்த வடத்தின் முனையில் ஓராண்டு காலம் ஆள்வைத்துப் பார்த்திருந்த நிறுவனத்தின் பொறுமையைக் குறிப்பிடாமல் இப்பகுதியைக் கடக்க இயலாது.

பொதிவலையில் பழைய வினா

ஒரு நூற்றாண்டுக்குப் பின் கணினி வலைகளில் அதே வினா எழுந்தது. வலையின் கட்டுப்பாட்டுச் செய்திகளை வகுத்த ஜான் போஸ்டலின் 1981ஆம் ஆண்டு ஆவணத்தில், ஒரு கணினி எதிரொலி கேட்டால் மறுகணினி அதனைத் திருப்பியனுப்ப வேண்டும் என்ற விதி இருந்தது. 1983 டிசம்பரில் அமெரிக்கத் தரைப்படையின் எறியியல் ஆய்வகத்தில் பணியாற்றிய மைக் மூஸ், வலையின் விந்தையான போக்கொன்றை ஆராயும்பொருட்டு அவ்விதியைப் பயன்படுத்திச் சிறு நிரலொன்றை எழுதினார். நீர்மூழ்கிகளைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையை ஒட்டி அதற்குப் ‘பிங்’ எனப் பெயரிட்டார். டிரினிட்டி விரிகுடாவிலிருந்து கேட்ட ‘படிக்க முடிகிறதா’ என்ற வினாவே அது; ஆனால் இப்போது விடை வந்த நேரம் ஆயிரத்தில் ஒரு நொடி நுட்பத்தில் அளக்கப்பட்டது, வராத விடைகள் விழுக்காடாக எண்ணப்பட்டன. சில ஆண்டுகளில் வான் ஜேக்கப்சன் எழுதிய ‘டிரேஸ்ரூட்’, பொதியின் வாழ்நாள் எண்ணை ஒன்று, இரண்டு, மூன்று எனக் கூட்டி அனுப்பி, வழியிலுள்ள ஒவ்வொரு திசைவியும் தன்னை அறிவிக்கும்படி செய்தது. நிலையங்களை வரிசையாக மண்ணுடன் இணைக்கச் சொன்ன தரைத்தந்திச் சோதனையின் மறுபிறப்பு இது. நேரடி மரபுத் தொடர்ச்சி என்று இதனைக் கூறுவதற்கில்லை. ஒரே இடர்ப்பாடு ஒரே வடிவான விடையை மீண்டும் வேண்டி நின்றது என்பதே பொருந்தும்.

1986 அக்டோபரில் லாரன்சு பெர்க்லி ஆய்வகத்திற்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற்கும் இடையே நிகழ்ந்தது இவ்வகையில் பொருட்படுத்தத்தக்கது. இரண்டிற்கும் இடைத்தொலைவு 400 கஜமே. அவற்றிடையே நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த தரவோட்டம் 40 பிட்டாகச் சரிந்தது. கம்பி அறவில்லை, கருவி எதுவும் எரியவில்லை. ஜேக்கப்சனும் பெர்க்லியைச் சேர்ந்த மைக் கேரல்சும் காரணத்தைத் தேடினர். இடைவழிக் கணினிகளில் பொதிகள் நெரிசலுற்றுக் கைவிடப்பட்டன. விடை வராததைக் கண்ட அனுப்புநர் கணினிகள் அதே பொதிகளை மேலும் மேலும் அனுப்பின. அனுப்ப அனுப்ப நெரிசல் மிகுந்தது. மங்கும் வடத்தில் அழுத்தத்தைக் கூட்டிய வைட்ஹவுஸின் செயலை இப்போது மனிதரின்றிக் கணினிகளே செய்தன. வேறுபாடும் ஒன்று உண்டு. 1858இல் பழுது வடத்தில் இருந்தது, வலிந்து செலுத்தியது அதனைப் பெருக்கியது. 1986இல் வலிந்து செலுத்தியதே பழுது.

அவ்விருவரும் எழுப்பிக்கொண்ட வினாக்கள் இரண்டு: தங்கள் இயங்குதளத்தின் தொடர்பு நெறிமுறை தவறாக நடந்துகொள்கிறதா? மிக மோசமான வலையிலும் நன்கு இயங்குமாறு அதனைத் திருத்த முடியுமா? இரண்டிற்கும் ஆம் என்றே விடை கண்டனர். 1988இல் வெளியான ஆய்வுரையில் ஜேக்கப்சன் விளக்கிய திருத்தங்கள் இடைவழியில் செய்யப்பட்டவை அல்ல. இரு முனைகளிலும் இருந்த கணினிகளின் மென்பொருளில் செய்யப்பட்டவை. விடை வரத் தாமதமானால் அனுப்புவதைக் குறைத்துக் காத்திருக்குமாறும், பின்னர்ச் சிறிது சிறிதாகக் கூட்டுமாறும் அவை அமைந்தன.